பூட்ஸுக்குள் பழச்சாறு

வெள்ளிக்கிழமை வந்தால் பெர்கன் நகரத்தில் எல்லோருக்கும் முகம் மலரும். யோருனுக்கு மட்டும் பயம் வரும். அன்றைக்குத்தான் மருந்துக் கடையில் சனிக்கும் ஞாயிற்றுக்கும் சேர்த்து மருந்தைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஹெராயினை விட்டவர்களுக்கு அதற்குப் பதிலாகக் கொடுக்கிற மெத்தடோன் அது. பழச்சாறு கலந்து கறுஞ்சிவப்பாக இருக்கும். குப்பியின் மேல் பெயரும் கிழமையும் ஒட்டியிருக்கும். அன்றைய அளவை மருந்தாளர் பார்க்கக் குடித்துவிட்டு, மற்ற இரண்டு குப்பிகளையும் வாங்கிக்கொண்டு தெருவுக்கு வர வேண்டும். அங்கே யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

போதைக்காரர்களைக் கண்டால் ஊர்க்காரர்கள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். போதைக்காரர்களின் பையைத்தான் வருகிறவன் போகிறவன் எல்லாம் பிடுங்குகிறான் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை.

போலீசில் சொன்னால் என்ன என்று கேட்பவர்கள் ஒட்வாரைப் போய்ப் பார்க்க வேண்டும். ஒட்வார் ஒரு காலத்தில் கப்பலில் சமையல்காரர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரைச் சுவரோடு சாய்த்து, குப்பிகளைப் பிடுங்கி, பல் இரண்டை உதிர்த்துவிட்டுப் போனார்கள். மனிதர் யோக்கியமாகப் போலீசுக்குப் போனார், சிகிச்சை நிலையத்துக்கும் போய்ச் சொன்னார். அங்கே ஒரு சட்டம் இருக்கிறது: மருந்து தொலைந்தாலும் திருடு போனாலும் விற்றதாகத்தான் கணக்கு. வீட்டுக்கு மருந்து கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும், ஞாயிறு உட்பட, போய் நின்று அவர்கள் எதிரில் குடிக்கிறார். வடக்கே அவருடைய அக்கா செத்தபோது அடக்கத்துக்குக்கூடப் போக முடியவில்லை. பல்லை உதிர்த்தவர்களை யாரும் ஒன்றும் செய்யவில்லை.

அதனால் யோருன் தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொண்டாள். அங்கே எல்லோரும் அப்படித்தான். இருவர் இருவராக நடப்பார்கள். பழைய குப்பியைக் கழுவி, அதில் பழச்சாறு ஊற்றி, பிடுங்க வருகிறவன் முதலில் கைவிடுகிற ஜாக்கெட் பாக்கெட்டில் வைப்பார்கள். நிஜ மருந்து பூட்ஸுக்குள் இருக்கும். சாறாக யோருன் ஊற்றியது அவள் மகள் இல்வா கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தனுப்பியதை. கறுப்பு பெர்ரியைக் கொதிக்கவைத்து இறக்கியது. நிறம் அச்சாக மருந்தேதான்.

இல்வா ஐந்து வயதிலிருந்து வடக்கே லெர்விக் என்கிற கடலோர ஊரில் குன்வோர் என்கிற வளர்ப்புத் தாயின் வீட்டில் வளர்கிறாள். இந்த மே மாதம் அவளுக்குத் திடப்படுத்தல், வளர்ந்த பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபைக்கு முன்னால் உறுதிசெய்கிற சடங்கு. தேவாலயத்தில் ஆராதனை, பிறகு ஊர் மண்டபத்தில் விருந்து, விருந்தில் பெற்றவள் எழுந்து நின்று பேச வேண்டும். குன்வோர் பேசட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அம்மாதான் பேசணும் என்று இல்வா ஒரே பிடியாக நின்றாள். குழந்தைகள் நல அலுவலகம் யோசித்து யோசித்துக் கடைசியில் சரி என்றது. வெள்ளிக்கிழமை வரலாம், இரண்டு இரவு தங்கலாம். தெளிவாக வந்து தெளிவாகத் திரும்பினால் ஜூலையில் இரண்டு வாரம் மகளோடு இருக்கலாம். பத்து வருஷத்தில் மகள் இருக்கிற வீட்டில் யோருன் ஒரு இரவுகூடத் தூங்கியதில்லை.

வியாழக்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளுடைய நடைத்துணை ஒட்வார்தான். அந்த வாரம் பார்த்துக் கால் வீங்கிப் படுத்துவிட்டார்.

"நாளைக்குத் தனியாவா போற?" என்றார்.

"வேற வழி? ஃப்ரோடே கண்டிப்பா நிப்பான்."

ஃப்ரோடே என்பவனும் அவர்களோடு வரிசையில் நின்றவன்தான். அவனிடமிருந்து பிடுங்கினார்கள், அவன் வெளியில் வாங்கிக் குடித்தான், சிகிச்சையிலிருந்து தூக்கினார்கள், இப்போது அவன் பிடுங்குகிறான்.

"அவன்ட்ட ஜாக்கெட் வேல இனி ஆகாது," என்றார் ஒட்வார். "ரெண்டு தடவ ஜூஸக் குடிச்சு ஏமாந்தான். போன மாசம் நேரா பூட்ஸக் கழட்டச் சொன்னான்ல?"

"அதான் மாத்தப் போறேன். நெஜத்த ஜாக்கெட்ல வெச்சிருவேன். ஜூஸ பூட்ஸ்ல. அவன் ஜாக்கெட்டத் தொடக்கூட மாட்டான். பெரிய புத்திசாலி மாதிரி பூட்ஸ உருவிட்டுப் போயிருவான்."

ஒட்வார் கூரையைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு."

"யோவ், வாய வெக்காதய்யா."

"பேச்ச மனப்பாடம் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"அழுவாத. நீ அழுதா மூக்கு செவந்து கண்றாவியா இருப்ப," என்றார் ஒட்வார்.

வெள்ளிக்கிழமை மதியம் மழை தூறிக்கொண்டிருந்தது. யோருன் குடித்தாள், வாங்கினாள், கழிப்பறைக்குள் போய் எல்லாவற்றையும் யோசித்து வைத்தபடி வைத்துக்கொண்டாள். துறைமுகத்துக்கு ஆள் நடமாட்டமுள்ள படிக்கட்டு வழியாகவே இறங்கினாள். பாதிப் படியில் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒருவன் எதிரே ஏறி வந்தான். முப்பது வயது இருக்கும். பார்த்த முகமில்லை. வழிவிடத்தான் அவள் ஒதுங்கினாள். அவன் முழங்கை அவள் வாயில் விழுந்தது.

சுவரோடு அழுத்திக்கொண்டு ஜாக்கெட் பாக்கெட்டில் கைவிட்டான். குப்பிகள் இரண்டும் கைக்கு வந்தன. எடுத்துப் பார்க்கவில்லை, முகரவில்லை, பூட்ஸ் இருக்கிற திசையைக்கூடப் பார்க்கவில்லை. "சாரிங்க," என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டான். குழந்தை வண்டியோடு வந்த ஒரு பெண் எல்லாவற்றையும் பார்த்தாள். போதைக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வழியில் போனாள்.

யோருன் ஈரப் படியில் உட்கார்ந்தாள். நாலும் தெரிந்தவனுக்காக வாரம் முழுக்கத் திட்டம் போட்டாள்; வந்தவன் ஒன்றும் தெரியாதவன்.

சற்று நேரத்தில் ஃப்ரோடே கீழிருந்து வந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

"யார்றீ அது?"

"எனக்கென்ன தெரியும். மஞ்சக் கோட்டு."

"ஸ்டாவங்கர்ல இருந்து ஒருத்தன் வந்திருக்கான்னாங்க. இது என் எடம்னு அவனுக்கு யாரும் சொல்லலையா?" அவனுக்கு உண்மையிலேயே கோபம். பிறகு வேலை ஞாபகம் வந்தது. "சரி, பூட்ஸக் கழட்டு."

அவள் கழற்றிக் குப்பிகளை நீட்டினாள். அவன் ஒன்றைத் திறந்து முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான்.

"இது ஜூஸு."

"ஆமா."

"அப்ப நெஜம்?" கேட்டவனுக்கே பதில் விளங்கிவிட்டது. மெல்ல அவளருகில் உட்கார்ந்தான். "ஜாக்கெட்லயா வெச்ச? எனக்காகவா?"

"உனக்காகத்தான்."

ஃப்ரோடே சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "நான் ஏமாந்திருப்பேன்டீ. சத்தியமா ஏமாந்திருப்பேன்," என்றான். குப்பியை மூடி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். "எங்க கெளம்பிட்ட, பையும் கையுமா?"

"பொண்ணுக்குத் திடப்படுத்தல். ஞாயித்துக்கெழம."

சிரிப்பு நின்றது. அவனும் அந்த மருந்தைக் குடித்தவன்தான். வெள்ளி குடித்தது சனி வரைக்கும் தாக்குப்பிடிக்கும். ஞாயிறு காலையில் மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், வேர்க்கும், கால் தானாக உதறும். மருந்து குடித்தவள் சாதாரண மனுஷியாக இருப்பாள். குடிக்காதவள்தான் போதைக்காரி மாதிரி இருப்பாள்.

"ஞாயிறு தாங்க மாட்ட," என்றான். "என்ட்ட கொஞ்சம் பவுடர் இருக்கு. ஒரே ஒரு இழுப்பு, ஞாயிறு காலைல. யாருக்கும் தெரியாது."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் கொடுமை. யோருன் அவன் கையைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். திங்கட்கிழமை சிறுநீர்ப் பரிசோதனை. அதைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம். ஆனால் அதை இழுத்துவிட்டு இல்வாவுக்கு முன்னால் எழுந்து நின்று பேச முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"வேணாம்," என்றாள்.

படகுத்துறையில் போலீஸ்காரி ஒருத்தி அவள் உதட்டைப் பார்த்து வண்டியை நிறுத்தி இறங்கினாள். நல்ல பெண்தான்.

"யாராவது அடிச்சாங்களா?"

ஆமாம் என்றால் போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டும், படகு போய்விடும், திங்கட்கிழமை சிகிச்சை நிலையத்துக்கும் விஷயம் போய்விடும்.

"விழுந்துட்டேன்."

"போன மாசமும் விழுந்தீங்க."

"மழ ஊருங்க. வழுக்குது."

போலீஸ்காரி கைக்குட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த வருஷம் அந்தப் படிக்கட்டில் ஒரு குற்றமும் நடக்கவில்லை என்றுதான் எங்கேயாவது எழுதியிருப்பார்கள்.

படகில் போகும்போது, குன்வோரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று யோருன் நினைத்தாள். லெர்விக் நெருங்க நெருங்க அந்தத் தைரியம் கரைந்தது. காரணம், பிடுங்கிட்டாங்க என்கிற சொல்லை அவள் ஏற்கனவே செலவழித்து முடித்திருந்தாள். ஒரு காலத்தில் மகளைப் பார்க்க வராமல் போன ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொன்னாள். ஒரே ஒரு முறை அது நிஜம். மற்றதெல்லாம் படுத்த படுக்கையாகப் போதையில் கிடந்ததுதான்.

துறையில் இல்வா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அம்மாவைவிட ஒரு சாண் உயரமாகிவிட்டிருந்தாள்.

"உதட்டுல என்னம்மா?"

"படகுப் படில விழுந்துட்டேன்."

குன்வோர் தள்ளி நின்று தலையை மட்டும் அசைத்தாள். அறுபது வயது, ஆட்டுப் பண்ணைக்காரி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள். கெட்ட மனசில்லை. அலுவலகம் என்ன விதி சொன்னாலும் அதை அப்படியே செய்கிறவள், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் குன்வோர் கையை நீட்டினாள்.

"மருந்தக் குடு. பூட்டி வெக்கணும்னு பேச்சு. காலைல நானே எடுத்துத் தருவேன்."

அந்த நிபந்தனையை யோருன் மறந்தே போயிருந்தாள். நீட்டின கை அப்படியே நின்றது. இல்வா பக்கத்தில் நின்றாள். இல்லை என்றால் ஏன் என்ற கேள்வி வரும். பிடுங்கிட்டாங்க என்ற பதில் வரும். குன்வோர் போனை எடுப்பாள். யோருன் பைக்குள் கைவிட்டுச் சனி, ஞாயிறு என்று எழுதிய குப்பிகள் இரண்டையும் எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் குன்வோர் அலமாரியைத் திறந்து, குப்பியைக் கொண்டுவந்து, யோருன் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பதைப் பார்த்தாள். யோருன் தன் மகள் காய்ச்சிய பழச்சாற்றை முகத்தைச் சுளித்துக் குடித்தாள். மருந்து கசக்கும் அல்லவா. அன்றைக்கு நாள் நன்றாகவே போனது. மண்டபத்தில் மேசை போட்டார்கள். இல்வா பாரம்பரிய உடையைப் போட்டுக்காட்டினாள். வெள்ளிப் பொத்தான்களை யோருன்தான் மாட்டிவிட்டாள். சாயங்காலம் முதல் கொட்டாவி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டாவது குப்பியைக் குடிக்கும்போதே மூக்கு ஒழுகியது. குன்வோர் அதைப் பார்த்தாள். இல்வா வந்து கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு தலை பின்னிக்கொள்ளப் போனாள்.

தேவாலயத்தில் யோருனை இரண்டாவது வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். போதகர் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். யோருனுக்கு முதுகு நனைந்து சட்டை ஒட்டியது. மூக்கைத் துடைத்துத் துடைத்துப் போலீஸ்காரியின் கைக்குட்டை கந்தலானது. இடது கால் தன் இஷ்டத்துக்கு உதறி முன்பெஞ்சில் இடித்தது. முன்னால் இருந்த கிழவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், இரண்டாவது முறை திரும்பி நன்றாகவே பார்த்தார். இல்வா என்று பெயர் கூப்பிட்டபோது அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். மகள் தலையில் போதகர் கை வைத்ததைப் பார்த்தாள். அது போதும் என்று தோன்றியது. போதாது என்றும் தோன்றியது. இன்னும் பேச வேண்டியிருந்தது.

மண்டபத்தில் ஆட்டுக்கறி பரிமாறி முடித்து, பாதாம் கேக்கை மேசைக்குக் கொண்டுவருகிற நேரம். குன்வோர் யோருனின் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்ன எடுத்திருக்க?"

"எதுவும் எடுக்கல, குன்வோர்."

"காலைல என் கையால மருந்து குடுத்தேன். நீ குடிச்சத என் கண்ணால பாத்தேன். அப்புறம் எதுக்கு இப்படி வேர்க்குது? கண்ணப் பாரு, கண்மணி காசாட்டம் விரிஞ்சிருக்கு. அதுக்கு மேல என்னத்தையோ போட்டிருக்க."

"எடுக்காததாலதான் இப்படி இருக்கு."

"எடுக்காததாலயா? அப்ப நான் குடுத்தது என்ன, தண்ணியா?"

யோருன் தானே தோண்டிய குழிக்குள் தானே நின்றுகொண்டிருந்தாள்.

"மாக்னேட்ட வண்டிய எடுக்கச் சொல்றேன்," என்றாள் குன்வோர். மாக்னே அவள் புருஷன். குரலை அவள் உயர்த்தவில்லை. "இன்னிக்குப் புள்ளையோட நாளு. அத நீ கெடுக்கக் கூடாது. பின்வாசல் வழியா போயிரு. நான் உனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக்கிறேன்."

"தண்ணி இல்ல," என்றது ஒரு குரல். "ஜூஸு."

இல்வா கதவுக்கு உள்ளே நின்றாள். வெள்ளிப் பொத்தான்கள் மூச்சுக்கு மூச்சு மின்னின.

"நேத்து காலைலயும் அம்மா வாயில இஞ்சி வாசம். இன்னிக்கும் இஞ்சி வாசம். இந்த ஊர்ல பெர்ரி ஜூஸ்ல இஞ்சி போடறது நான் ஒருத்திதான். நீங்கதான் வருஷா வருஷம் மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுக் குடிப்பீங்களே, குன்வோர்."

குன்வோர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நேத்தே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அம்மாவ அனுப்பிருவீங்க."

அடுப்பில் காபி கொதித்து வழிந்தது. குன்வோர் எட்டி அணைத்தாள்.

"மருந்து எங்கம்மா?" என்றாள் இல்வா.

"பிடுங்கிட்டாங்க."

"பழைய பாட்டு," என்றாள் குன்வோர்.

"பழைய பாட்டுதான். இந்தத் தடவ நெஜம். உதடு அதுல கிழிஞ்சதுதான்."

"அப்ப அந்த ரெண்டு பாட்டில மட்டும் எதுக்கு விட்டுட்டுப் போனான்?"

வேறு வழியில்லாமல் யோருன் எல்லாவற்றையும் சொன்னாள். ஜாக்கெட், பூட்ஸ், ஃப்ரோடே, அவனை ஏமாற்றப் போட்ட திட்டம், மஞ்சள் கோட்டுக்காரன் பேசாமல் பாக்கெட்டில் கைவிட்டது. சொல்லும்போது நடுநடுவே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தன் காதுக்கே அது கேவலமாகக் கேட்டது.

குன்வோர் குறுக்கிட்டாள். "இரு. நெஜ மருந்த வெளிப் பாக்கெட்ல வெச்ச. ஜூஸ பூட்ஸுக்குள்ள ஒளிச்சு வெச்ச."

"ஆமா."

"பத்திரமா."

"ஆமா."

குன்வோர் குனிந்து அவள் கிழிந்த உதட்டைப் பார்த்தாள். "பொய்யா இருந்தா இதவிட நல்லா சொல்லியிருப்ப," என்றாள் கடைசியில். "உன் பொய்யெல்லாம் நல்லா இருக்கும். இவ்வளவு மடத்தனமா நீ பொய் சொல்லி நான் பாத்ததில்ல."

அவள் எழுந்து ஒரு துவாலையை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து யோருனின் முகத்தைத் துடைத்தாள். ஆட்டுக்குட்டியைத் துடைக்கிற மாதிரித்தான் துடைத்தாள், அழுத்தமாக. "நிக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியும்."

யோருன் மண்டபத்தில் மேசையின் முனையில் போய் நின்றாள். இல்வா தன் இடத்துக்குப் போகவில்லை. அம்மாவின் இடது பக்கம், உதறுகிற காலோடு தன் காலை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள். மனப்பாடம் செய்த பேச்சு ஒரு சொல்கூட ஞாபகம் வரவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள்.

"இல்வாவுக்கு நாலு வயசு இருக்கும்," என்று ஆரம்பித்தாள். "சாயங்காலம் ஆனா நான் வெளிய கெளம்பிருவேன். எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். ஒரு நாள் என் பூட்ஸ்ல ஒண்ணக் காணோம். வீடு பூரா தேடினேன். இவ சோபாவுல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. ஒளிச்சு வெச்சிருக்கா. ஒத்தப் பூட்ஸோட அம்மா போக மாட்டான்னு நெனச்சிருக்கா." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "நான் வெறுங்காலோட போனேன். அன்னிக்கு வீட்டுல இருந்திருக்கணும். அத இவகிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல. இன்னிக்குச் சொல்றேன். அந்த வயசுல இவளுக்கு இருந்த புத்தி எனக்கு இன்னிக்கும் இல்ல. குன்வோர், நீங்க வளத்திருக்கீங்க. நல்லா வளத்திருக்கீங்க."

அதற்கு மேல் வரவில்லை. ஒட்வார் சொன்னதை மீறி அழுதாள். மூக்கு ஏற்கனவே ஒழுகிக்கொண்டிருந்ததால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாக்னே எழுந்து கோப்பையை உயர்த்தினார். எல்லோரும் உயர்த்தினார்கள். கோப்பைகளில் இருந்தது இல்வா காய்ச்சிய பழச்சாறு. யோருன் மூன்றாவது முறையாக அதைக் குடித்தாள், இந்த முறை முகம் சுளிக்காமல்.

சாயங்காலப் படகுக்குக் குன்வோர்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டாள். இல்வா கூட வந்து பின்சீட்டில் அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். துறையில் இறங்கியதும் குன்வோர் யோருனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நடந்தத நான் சொல்லியாகணும். அதான் முறை," என்றாள். "சொன்னா உனக்கு என்ன ஆகும்?"

"வீட்டுக்கு மருந்து தர மாட்டாங்க. தெனம் போய் அங்க நின்னு குடிக்கணும். ஜூலைல இங்க வர முடியாது."

"சொல்லலன்னா?"

"வெள்ளிக்கெழம ரெண்டு பாட்டில் தருவாங்க."

"வெளிய வந்தா மறுபடி பிடுங்குவாங்க."

"பிடுங்குவாங்க."

"அடிப்பாங்க."

"சில சமயம்."

"உனக்கு எது வேணும்?"

இத்தனை வருஷத்தில் எந்த அலுவலகத்திலும் எந்த மேசைக்குப் பின்னாலிருந்தும் அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. யோருன் பதிலுக்காக யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஜூலை," என்றாள்.

குன்வோர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது அவள் தாடையிலேயே தெரிந்தது. வாழ்க்கையில் ஒரு விதியையும் மீறாதவள். படகு வந்து முட்டியது. அவள் வண்டியின் பின்கதவைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய பெரிய பாட்டில் ஒன்றை எடுத்து யோருனின் பைக்குள் திணித்தாள். திணித்தபோது இஞ்சி வாசம் வந்தது.

"எதுல எத வெப்பேன்னு என்கிட்ட சொல்லாத," என்றாள். "ஜூலைல வரும்போது காலி பாட்டில மறக்காம கொண்டு வா. எனக்கு அது வேணும்."